மஞ்சள் வண்டிக்கு எழுத்து இல்லை

ரெஜிலா வந்து நின்றபோது கனகதாஸ் தூங்கப் போகிற நேரம். காலை எட்டரை இருக்கும். காரோடு என்கிற பக்கத்து ஊரில் ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை முடித்து வந்தவன், ரெண்டு தோசையைத் தின்றுவிட்டு, ஜன்னலில் சாக்கைக் கட்டி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தான். முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. நாலு வீடு தள்ளியிருக்கும் அஜேஷின் மனைவி. முந்திரி உடைக்கிற அண்டியாபீசில் வேலை பார்ப்பவள். விரல் நுனியெல்லாம் கொட்டைப் பால் பட்டுக் கறுத்துக் கிடக்கும். அந்த விரலால் போனைப் பிடித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணா, இது நீங்க எழுதினதுதானா?"

அவன் எழுதியதுதான். ‘மாலை 5.52. பாறசாலை வடக்கு மேல்பாலம். நாகர்கோவில் பாசஞ்சர். டபிள்யூ ஏ ஜி ஏழு, ஈரோடு ஷெட். கண்டது.’ பதினோரு நாளைக்கு முன்பு, போனில் அவன் நடத்தும் ரயில் குழுவில் போட்ட வரி.

"இது எப்படி உன் கையில வந்தது?"

"சூப்பர்வைசர் ரெத்தினதாஸ் போலீசுக்கு குடுத்திருக்காரு. ரைட்டர் சாரு காட்டினாரு. நான் கேட்டு வாங்கினேன்."

அஜேஷ் அடிபட்டது ஊருக்கே தெரியும். ரயில் பாதைக்கு மேலே கரண்டுக் கம்பி இழுக்கிற காண்ட்ராக்டரிடம் அவனுக்கு வேலை; ரெத்தினதாஸ் அங்கே சூப்பர்வைசர். அன்று மாலை பாதையோரத்தில் மண்டை உடைந்து கிடந்தவனை ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து திருவனந்தபுரம். இன்னும் கண் திறக்கவில்லை. ரெத்தினதாஸ் சொல்கிற கதை இது: வேலை ஐந்து மணிக்கே முடிந்துவிட்டது, அஜேஷ் நெய்யாற்றின்கரைக்குப் போய்க் குடித்தான், வீட்டுக்குத் திரும்ப பாசஞ்சரில் ஏறினான், வாசலில் தொங்கிக்கொண்டு வந்தவன் மேல்பாலத்துக்குப் பக்கத்தில் கை நழுவி விழுந்தான். ஆக வேலைக்கும் விழுந்ததற்கும் சம்பந்தமில்லை. கம்பெனிக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை.

"அவரு குடிக்கமாட்டாருன்னு நான் சொல்லல" என்றாள் ரெஜிலா. "குடிப்பாரு. வேலை நாள்ல குடிக்கமாட்டாரு. கம்பத்துக்கு மேல ஏறுகவரு, பயம் உண்டு. நீங்க அன்னைக்கு பாலத்துல நின்னியள்லா? ரயிலு உங்க கண்ணுக்கு கீழயாக்கும் போச்சு. வாசல்ல அவரு தொங்கினாரா, இல்லியா? அதை மட்டும் வந்து சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

கனகதாஸ் சாக்கின் நுனியைப் பிடித்தபடி நின்றான்.

"கூட வேலை செய்தவன்மாரு?"

"நாலு பேரும் பெங்காலிப் பையன்மாரு. மறுநாளே வேற சைட்டுக்கு அனுப்பியாச்சு. போன் எடுக்கமாட்டேங்கானுக."

"யோசிச்சுச் சொல்லுதேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு அண்ணா? கண்டதைச் சொல்லணும். நாளைக்கு பத்து மணிக்கு ரைட்டர் வரச் சொல்லியிருக்காரு." போனவள் படியில் திரும்பிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிச் சீட்டுல ஆறு இருபதுன்னு இருக்கு, கொண்டு வந்த நேரம். உங்க ரயிலு அஞ்சு அம்பத்திரெண்டு. கணக்கு சரியா இருக்குன்னு ரைட்டர் சொல்லுதாரு. எனக்கு சரியாத் தோணல."

அவள் போனபிறகு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. கணக்கு சரியாக இருப்பதற்குக் காரணம் அவன். அன்று அவன் பாலத்தில் நிற்கவில்லை.

கனகதாஸுக்கு முப்பத்தாறு வயது. பாலிடெக்னிக்கில் ரெண்டாம் வருஷம் பாதியில் எழுந்து வந்தவன். வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. அதற்குப் பிறகு செய்த வேலையெல்லாம் ராத்திரி வேலை. பகலில் மனிதர்களோடு பேச அவனிடம் அதிகம் எதுவும் இல்லை. இருந்தது ரயில் எஞ்சின்கள். எஞ்சினின் நெற்றியில் எழுதியிருக்கிற எழுத்துக்களை அவன் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டான். முதல் எழுத்து பாதையின் அகலம்: டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஒய் என்றால் மீட்டர் பாதை, இஸட் என்றால் அதற்கும் சின்னது. ரெண்டாவது எழுத்து எஞ்சின் எதில் ஓடுகிறது என்பது: டி டீசல், ஏ மேல்கம்பிக் கரண்டு. மூன்றாவது வேலை: பி பயணிகள், ஜி சரக்கு, எம் ரெண்டும், எஸ் ஸ்டேஷனுக்குள் தள்ளுவதும் இழுப்பதும். கடைசியில் எத்தனையாவது மாதிரி என்று ஓர் எண். பெட்டிகளுக்கும் உண்டு; பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணில் முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருஷம். மூன்றே எழுத்தில் ஓர் எஞ்சின் எங்கே ஓடும், எதைத் தின்னும், எதற்காகப் பிறந்தது என்று சொல்லிவிடலாம். தன்னைப் பற்றி அப்படிச் சொல்ல அவனால் முடிந்ததில்லை.

குழுவில் நாற்பத்தொரு பேர். கொல்லத்திலிருந்து திருநெல்வேலி வரை ஆங்காங்கே பாதையோரம் நின்று, வருகிற எஞ்சினைக் குறித்துப் போடுகிறவர்கள். அவனே அட்மின். அவன் போட்ட சட்டங்கள் மூன்று. கண்ணால் காணாததை எழுதக் கூடாது. கண்டால் வரியின் கடைசியில் ‘கண்டது’ என்று போடவேண்டும். ரெண்டாவது, படத்தில் மனுஷ முகம் இருக்கக் கூடாது, எஞ்சின் மட்டும். மூன்றாவது, எஞ்சின் அல்லாத எதையும் குறிக்க வேண்டாம். பாதையைச் செப்பனிடும் இயந்திரம், கம்பி வேலைக்காரர்கள் மேல்தட்டில் நின்று போகும் மஞ்சள் நிற டவர் கார் (குழுவில் அதற்கு மஞ்சப்பெட்டி என்று பேர்), இதெல்லாம் குப்பை. பாலராமபுரத்து ஷைஜு என்கிற பையன் காணாத எஞ்சினை ஒருமுறை கண்டதாக எழுதினான். அவன் சொன்ன நேரத்தில் அவன் கல்யாண வீட்டில் சாப்பிடுகிற படம் வேறொருத்தர் போனில் கிடந்தது. கனகதாஸ் எல்லாரும் பார்க்க அவனை நாலு வார்த்தை கேட்டு வெளியே தள்ளினான். போன வருஷம் நடந்தது.

பதினோரு நாளைக்கு முன்பு நடந்தது இப்படி. இருபத்தெட்டு மணி நேரம் விடாமல் வேலை பார்த்துவிட்டு வந்து படுத்தவன், மாலையில் ஒரு ஹாரன் சத்தத்தில் பாதி விழித்தான். போனைப் பார்த்தான், ஐந்து நாற்பத்தைந்து. பிறகு டீசல் எஞ்சின் சத்தம், லாரி மேட்டில் ஏறுகிறது போல. கரண்டு எஞ்சின் அப்படிக் கத்தாது. மஞ்சப்பெட்டி என்று தெரிந்துகொண்டான். எழுந்து போக அதில் ஒன்றுமில்லை, திரும்பிப் படுத்தான். மறுபடி எழுந்தபோது ஆறு ஐம்பது. குழுவில் நாற்பத்தாறு செய்திகள். நெய்யாற்றின்கரையிலிருந்து பின்சி ஐந்து முப்பத்திரெண்டுக்குப் போட்ட படத்துக்குக் கீழே கொண்டாட்டம்: பாசஞ்சரை ஒரு சரக்கு எஞ்சின் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஜி எழுத்துக்காரன் பி வேலை பார்க்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை நடந்தால் அதிகம். தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போயிருக்கிறது, அவன் தூங்கியிருக்கிறான். ஆயிரத்து இருநூறு நாளாக ஒருநாள் விடாமல் எழுதி வருகிறவன். நெய்யாற்றின்கரையிலிருந்து பாலத்துக்கு வர இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபதைக் கூட்டி ஐந்து ஐம்பத்திரெண்டு என்று போட்டு, ‘கண்டது’ என்று முடித்தான். நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. எழுத்தைத்தான் பார்ப்பார்கள்.

இங்கே ரெண்டாவது பாதைக்கு மண் கொட்டிக் கிடக்கிறதே தவிர, ஓடுவது ஒற்றைப் பாதையில்தான். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி. ஐந்து நாற்பத்தைந்துக்கு மஞ்சப்பெட்டி உள்ளே இருந்தால், அது வெளியே போகும்வரை பாசஞ்சர் வரமுடியாது. அஜேஷ் அடிபட்டதைக் கேட்ட அன்றே கனகதாஸுக்கு இது தெரியும். தெரிந்தும் யோசிக்காமல் பதினோரு நாளை ஓட்டினான்.

மத்தியானம் ரெத்தினதாஸ் வந்தான். வீட்டுக்குள் கூப்பிடாமலே வந்து கட்டிலில் உட்கார்ந்தான். பேன்ட் மடிப்பில் சிமென்ட் தூசி.

"எலே மக்கா, நீயாக்கும் நம்ம ரயில் ஆராய்ச்சி. உன் எழுத்து என்ன அழகா இருக்கு தெரியுமா? நேரம், இடம், எஞ்சின் பேரு, எல்லாம். ரயில்வேக்காரன் கூட இப்படி எழுதமாட்டான்."

"அதை உங்களுக்கு யாரு குடுத்தா?"

"நாற்பது பேரு இருக்கப்பட்ட குழு, ரகசியமா? நாளைக்கு ரைட்டர் கேட்டா எழுதினதை எழுதினேன்னு சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"அவன் வாசல்ல தொங்கினதை நான் காணல."

"நீ காணலன்னா காணல. எஞ்சினைப் பாக்கிறவன் பெட்டியைப் பாப்பானா? நியாயமான காரியம்." ரெத்தினதாஸ் சுவரில் ஒட்டியிருந்த எஞ்சின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "பழைய எஞ்சினை உடைக்கிற யார்டுல எனக்கு ஆள் உண்டு. பழைய டீசல் எஞ்சின் நம்பர் பலகை, வார்ப்பு இரும்பு, முப்பது கிலோ வரும். வெறுதே கிடக்கு. உனக்கு ஒண்ணு எடுத்துத் தாறேன். இந்தச் சுவருல மாட்டு."

கனகதாஸுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அதற்காகத் தன்மேல் வெறுப்பு வந்தது; ஆனால் ஊறியது உண்மை.

"அன்னைக்கு உங்க டவர் கார் எத்தனை மணிக்கு பாதையை விட்டு வெளியே போச்சு?"

ரெத்தினதாஸ் எழுந்துகொண்டான். "அஞ்சு மணிக்கு எல்லாம் முடிஞ்சாச்சு. ஐஸ் கம்பெனி முதலாளி நம்ம ஆளாக்கும், கேட்டியா? ராத்திரி வேலைக்கு ஆள் கிடைக்க அவருக்குக் கஷ்டமே இல்ல."

அவன் போனதும் கனகதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான். நெய்யாற்றின்கரை ஸ்டேஷன் ரோட்டில் போட்டோஸ்டாட் கடையில் பின்சி இருந்தாள். ஆதார் அட்டை நகலெடுக்கிற கூட்டம் குறையும்வரை வெளியே நின்றான்.

"அட்மின் நேர்ல வந்திருக்காரு" என்றாள். "எந்தச் சட்டத்தை மீறினேன்?"

"அன்னைக்கு அந்தச் சரக்கு எஞ்சின் இங்கேயிருந்து எத்தனை மணிக்கு விட்டது?"

"நீதானே கண்ட. நீ சொல்லு."

"நான் காணல."

பின்சி மிஷினின் மூடியை மெல்ல இறக்கினாள். "ஷைஜு கேட்டா சந்தோஷப்படுவான்."

"சொல்லு பின்சி. ஒருத்தன் ஆஸ்பத்திரியில கிடக்கான்." அஜேஷ் விஷயத்தை முழுக்கச் சொன்னான். மஞ்சப்பெட்டியின் சத்தத்தையும் சொன்னான்.

அவள் போனைத் தேடி ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். பின்சியின் முகம் பாதிப் படத்தை அடைத்திருந்தது, பல் தெரியச் சிரிப்பு. பின்னால் அதே சரக்கு எஞ்சின், அதற்கு அப்பால் சிவப்பு சிக்னல். எடுத்த நேரம் ஆறு பன்னிரெண்டு.

"நாற்பது நிமிஷம் நின்னுது. உள்ளே ஏதோ வேலைன்னு சொன்னாங்க. ஆளுகள் எல்லாம் இறங்கி பெட்டிக்கடையைக் காலி பண்ணியாச்சு. நானும் ஒண்ணு எடுத்தேன்."

"ஏன் போடல?"

"நீயாக்கும் மனுஷ மூஞ்சி வேண்டாம்னு சட்டம் போட்டது. என் மூஞ்சியை மறைச்சா எஞ்சினும் மறையும்." அவள் போனைத் திரும்ப வாங்கினாள். "அனுப்புதேன். ஆனா ஒரு காரியம். என் படம் ஆறு பன்னிரெண்டுன்னு சொல்லுது, உன் வரி அஞ்சு அம்பத்திரெண்டுன்னு சொல்லுது. ரெண்டும் ஒண்ணா நிக்காது. போன்ல நேரத்தை மாத்தியிருப்பான்னு அந்தச் சூப்பர்வைசர் சொல்லுவான். உன் வரி பொய்னு நீ சொன்னாத்தான் என் படத்துக்கு உயிரு."

"தெரியும்."

"தெரிஞ்சா போ. பஸ் நிக்குது."

மறுநாள் பத்து மணிக்கு போலீஸ் ஸ்டேஷனில் ரெஜிலா முன்னதாகவே வந்து பெஞ்சில் இருந்தாள். கேரளப் போலீஸ், ரைட்டர் மலையாளத்தில்தான் பேசினார். கனகதாஸ் பாதி அதிலும் பாதி தமிழிலும் சொன்னான். ரைட்டர் அச்செடுத்து வைத்திருந்த வரியில் விரலை வைத்தார்.

"இந்த டபிள்யூ ஏ ஜி என்ன காரியம்? ரகசிய பாஷையா?"

அவன் சொன்னான். அகலப்பாதை, கரண்டு, சரக்கு.

"சரக்கு எஞ்சின் எதுக்கு பாசஞ்சரை இழுக்குது?"

"வேற எஞ்சின் இல்லன்னா சிலப்பம் இழுக்கும் சாரே. பேரு ஒண்ணு, வேலை வேற. அதைக் காணத்தான் நாங்க நிக்கிறது."

"நீ கண்டியா?"

"இல்ல சாரே. நான் வீட்ல தூங்கிட்டு இருந்தேன்."

பெஞ்சில் ரெஜிலா அசைந்ததை அவன் திரும்பாமலே உணர்ந்தான். ரைட்டர் கண்ணாடியைக் கழற்றினார். கனகதாஸ் பின்சியின் படத்தைக் காட்டினான், ஒற்றைப் பாதையைச் சொன்னான், ஐந்து நாற்பத்தைந்துக்குக் கேட்ட சத்தத்தைச் சொன்னான். ஆறு பன்னிரெண்டுக்கு நெய்யாற்றின்கரையில் நிற்கிற ரயிலிலிருந்து விழுந்தவன், ஆறு இருபதுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் எப்படிக் கிடப்பான் என்றான்.

"அந்த மஞ்சள் வண்டிக்கு என்ன எழுத்து?"

"எங்க குழுவுல அதுக்கு எழுத்து கிடையாது சாரே. பக்கத்துல பேரும் நம்பரும் எழுதியிருக்கும். நான் படிச்சதில்ல."

"கண்டியா அதையாவது?"

"கேட்டேன்."

ரைட்டர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "காணாத ரயிலைக் கண்டேன்னு எழுதியிருக்க. கேட்ட வண்டியை எழுதாம விட்டிருக்க. இப்பம் நான் எதை நம்பணும்?"

ரைட்டர் பேப்பரை எடுத்தார். வாக்குமூலம் ரெண்டரைப் பக்கம் வந்தது. ரயில் ஸ்டேஷன் ரெஜிஸ்டரைக் கேட்டு ரயில்வேக்கு எழுதுவதாகச் சொன்னார். பதில் வர எத்தனை நாள் என்று ரெஜிலா கேட்டாள். வரும்போது வரும் என்றார். பின்சியும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஆனால் ரயிலிலிருந்து விழுந்தான் என்று எழுதி ஃபைலை மூடுகிற காரியம் இனி நடக்காது என்றார். அதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் ரெஜிலா குடையை விரிக்காமல் வெயிலில் நின்றாள். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்தான். எதிர்பார்த்தது அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

"அந்த மஞ்சள் வண்டி உங்க வீட்டுக்கிட்ட எவ்வளவு நேரம் நின்னுது?"

"தெரியாது. நான் திரும்பிப் படுத்தாச்சு."

"பாலத்துக்கு எத்தனை நிமிஷம் நடக்கணும்?"

"மூணு."

"அப்பம் எந்திரிச்சு போயிருந்தா கண்டிருப்பீங்க. அவரு மேல நின்னதை, விழுந்ததை. நீங்க சத்தம் கேட்டது அஞ்சே முக்கால், சீட்டுல ஆறு இருபது; அரை மணிக்கூர் அங்கேயாக்கும் போட்டிருந்தானுக. வண்டியை வெளியே கொண்டுபோற வரை ஆட்டோ கூப்பிடல. உங்களைக் கண்டிருந்தா உடனே எடுத்திருப்பானுக." குரல் உயரவில்லை. அண்டியாபீசில் எடை சொல்வது போலச் சொன்னாள். "எஞ்சினா இருந்தா எந்திரிச்சிருப்பீங்க, இல்லியா?"

"ஆமா."

அவள் குடையை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

சாயங்காலம் அவன் குழுவில் எழுதினான். ‘அன்றைய என் பதிவு பொய். நான் பாலத்தில் இல்லை. வண்டி நெய்யாற்றின்கரையில் ஆறு பன்னிரெண்டுக்கும் நின்றது. அன்று கம்பி வேலை வண்டி பாதையில் இருந்தது, சத்தம் கேட்டேன், எழுதவில்லை.’ நாகர்கோவில்காரர் ஒருவர், ஆயிரத்து இருநூறில் இன்னும் எத்தனை இப்படி என்று கேட்டார். ஒன்றுதான் என்று எழுதினான்; ஒருவரும் நம்பவில்லை என்பது தெரிந்தது. அட்மின் பொறுப்பைப் பின்சிக்குக் கொடுத்தான். அவள் செய்த முதல் வேலை ஷைஜுவைத் திரும்பச் சேர்த்தது. ஷைஜு வந்து கனகதாஸின் வரிக்குக் கீழே ஒரே ஒரு சொல் போட்டான்: ‘கண்டது.’ பத்துப் பன்னிரண்டு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். ஐஸ் கம்பெனியிலிருந்தும் போன் வந்தது. இந்த வாரம் வரவேண்டாம், ஆள் அதிகம் என்றார்கள்.

மறுநாள் மாலை அவன் பாலத்துக்குப் போனான். வேறு போக இடமில்லை. ஐந்தரைக்கு மேல் தெற்கிலிருந்து லாரி மேடேறுகிற சத்தம் வந்தது. மஞ்சள் டவர் கார் மெதுவாகப் பாலத்துக்குச் சற்று முன்னால் வந்து நின்றது. பக்கவாட்டில் எழுத்தும் எண்ணும் இருந்தன. கிரீசும் தூசியும் மூடி முதல் ரெண்டு எழுத்து மட்டும் தெரிந்தது. அவன் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து பார்த்தான். மேல்தட்டு உயர்ந்தது. அதில் நின்றவர்களின் முகம் அவனுக்கு நேரே வந்தது. புதுப் பையன்கள், ஒருவன் அவனைப் பார்த்துச் சிரித்தான்.

போனை எடுத்துப் படம் பிடித்தான், முகங்களோடு. பிறகு எழுதினான்: ‘மாலை 5.41. பாறசாலை வடக்கு மேல்பாலம். மஞ்சள் வண்டி, எண் முழுதும் தெரியவில்லை. மேல்தட்டில் மூன்று பேர். ரெண்டு பேருக்கு இடுப்புக் கயிறு உண்டு. கண்டது.’

அனுப்பிவிட்டு, கயிறு இல்லாதவனைப் பார்த்து, "எலே, கயிறைக் கட்டு" என்றான். அவனுக்கு பாஷை தெரியவில்லை. மறுபடியும் சிரித்தான். கனகதாஸ் தன் இடுப்பைத் தொட்டு, முடிச்சுப் போடுவதுபோல் காட்டிக்கொண்டே நின்றான். கீழே வண்டி நகரத் தொடங்கியது.